பதினான்கு அங்குலம் ஒரே பருமன்

பீர்மேடு,
7-1-1974

ஆறுச்சாமிக்கு சகாயம் எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்.

லாரிக்காரர் கபிரியேலிடம் நீ கொடுத்தனுப்பிய கோல், கோட்டயத்தில் பஸ் மாறி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. மூங்கில் குழாய்க்குள்ளிருந்து அதை நான் உருவுவதைப் பார்த்து என் வீட்டுக்காரி மதலேனம்மாள், “தொட்டில்லருந்து பிள்ளைய எடுக்கிற மாதிரில்லா எடுக்கீக” என்று சிரித்தாள். அவ்வளவு ஆசையாக எடுத்தேன். அழகான கோல், இல்லை என்று சொல்லவில்லை. பிடியிலிருந்து நுனி வரை சீராக மெலிந்து, அரக்குப் பூச்சில் முகம் தெரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கலாம். நான் உன்னிடம் அழகான கோலா கேட்டேன்?

நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அதனால் தெரியாதவனுக்குச் சொல்வது போல முதலிலிருந்து சொல்கிறேன். போன ஆனி மழையில் ஜீப் வளைவில் சாய்ந்தபோது என் இடது கைக் கட்டைவிரல் அடியோடு போயிற்று. பில்லியர்ட்ஸ் மேஜையில் இடது கைதான் கோலுக்குத் தாங்கல். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் கோல் கிடந்து ஓடும். எனக்கு இப்போது அந்தப் பள்ளம் இல்லை. ஆள்காட்டி விரலை வளைத்து நடுவிரலில் ஒட்டி, வளையம் போட்டு, அதற்குள் கோலை ஓட்டுகிறேன். கிளப்பில் இருக்கிற கோல்கள் எல்லாம் நுனியில் மெலிந்து வரவரத் தடிக்கிறவை. வளையத்துக்குள் ஓடும்போது, பந்தைத் தொடுகிற அந்த நேரத்துக்குத்தான் விரலை அடைத்துக்கொள்கிறது. விரலைத் தளர்த்தினால் நுனி ஆடுகிறது. இறுக்கினால் கோல் நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் என் வீட்டில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துப் பார்த்து, என்னைவிட நன்றாகச் சொன்னவன் நீ. “முன்னால பதினாலு அங்குலம் ஒரே பருமனா வெச்சுத் தர்றேனுங்க மார்க்கரே” என்றாய். நான்கு மாதம் காத்திருந்தேன். வந்திருப்பது கிளப் கோலைப் போலவே நுனியிலிருந்து தடிக்கிறது. போதாததற்கு நுனி அதைவிட மெலிசு. பந்தின் பக்கவாட்டில் தொட்டால் நுனி சாட்டை போலத் துள்ளுகிறது, வெள்ளைப் பந்து நினைத்த இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளிப் போகிறது.

வருடக் கடைசி ஆட்டத்தில் கிளப் செக்ரட்டரியோடு ஆடினேன். அவர் நூறைத் தொட்டபோது நான் முப்பத்தொன்று. மெம்பர்கள் எல்லோரும் என் கையைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, “மதி சகாயம், மதி” என்றார், போதும் என்று. மார்க்கர் என்றால் புள்ளி கூவினால் மட்டும் போதாது, துணையில்லாமல் வருகிற மெம்பரோடு நின்று ஆட வேண்டும். ஈஸ்டர் வரை பார்ப்பாராம். அதற்குப் பிறகும் இப்படித்தான் என்றால் வேறு ஆள் வருவான், நாங்கள் கிளப் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது? என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியபோது அங்கே ஒரு குழி நிலம்கூட விட்டுவரவில்லை.

நேரம் இல்லையென்றால் இல்லையென்று சொல்லியிருக்கலாம். பார்க்கிறவன் மெச்சுவதற்காக ஒரு கோலைச் செய்து என் தலையில் ஏன் கட்டினாய்? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

சகாயம்


உ

வாளையார்,
21-1-1974

சகாயம் அண்ணன் அவர்களுக்கு செல்லாத்தாள் எழுதுவது. நீங்கள் யாருக்குக் கடிதம் எழுதினீர்களோ அவருடைய சம்சாரம் நான். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவர் பதில் எழுத மாட்டார். கார்த்திகை பதினெட்டாம் தேதி காலையில் போய்விட்டார். காமாலை என்று சொன்னார்கள். ஐப்பசி கடைசியில் கோலைப் பட்டறை ஆணியில் தொங்கவிட்டுவிட்டு வந்து படுத்தவர், பிறகு பட்டறைக்குள் போகவில்லை.

கோலோடு ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எழுத உட்கார்ந்தேன். அவர் இறந்துவிட்டார் என்று எழுத வேண்டியிருந்தது. அதுவரை அதை நான் எங்கேயும் எழுதியதில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். கபிரியேலிடமும் சொல்லவில்லை. பட்டறைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து, “ஏனுங்க, மேஸ்திரி இல்லீங்களா?” என்று கேட்டார். உள்ளே இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் பார்க்கிறவன் மெச்சுவதற்காக என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கோலை முழுக்க அவர்தான் செய்தார். நான் அரக்கு மட்டும் பூசினேன்.

ஒரு இடம் எனக்குப் புரியவில்லை. பதினான்கு அங்குலம் ஒரே பருமன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நிஜமாகவே அவர் சொன்னதா? கோலில் அப்படி ஒன்று இருந்தால் அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? சிரமம் பார்க்காமல் தெளிவாக எழுதுங்கள்.

செல்லாத்தாள்


பீர்மேடு,
2-2-1974

தங்கச்சி செல்லாத்தாளுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அவரைத் திட்டி நான் எழுதியபோது அவர் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். மாதா கோவிலில் அவர் பெயருக்கு ஒரு பூசை வைத்தோம். பங்குச் சாமியார், “ஆறுச்சாமி என்றால் நம்ம ஆளா?” என்று கேட்டார். என் ஆள் என்று சொன்னேன். வைத்தார்.

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் மேஜைக்காலைக் கரையான் தின்றபோது, எட்டுக் கால் கடைந்து தர காண்ட்ராக்டர் அவரைக் கூட்டிவந்தார். இரண்டு மாதம் என் வீட்டில்தான் சாப்பாடு. எங்கள் ஊர்க் குழம்பில் காரம் போதாது என்று தினமும் சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்குவார். ஊர்ப் பேச்செல்லாம் பேசுவார், உங்களைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை, “என்ற ஊட்டுக்காரி பட்டறைல வாரு இழுத்துக் கடைசலச் சுத்துனா, அந்த இழுப்புலயே மரம் எங்க மெலியுதுன்னு எனக்குத் தெரியுமுங்க” என்றார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் விரல் போன செய்தி கேட்டு, போன ஆவணியில் அவராகவே வந்தார். பழைய கோலை விரல் வளையத்துக்குள் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு மதலேனம்மாள் மாதாவுக்கு வைத்திருந்த மெழுகுதிரியை எடுத்து, அதை ஓட்டச் சொன்னார். அவள் கத்தினாள். மெழுகுதிரி அடைக்காமல், ஆடாமல், விரல் இருப்பதே தெரியாமல் ஓடியது. “பாத்தீங்களா, மெழுகுதிரி ஒரே பருமன். கோலும் இந்த மாதிரி இருந்தா உங்க விரலு அதுகூடச் சண்டை போடாதுங்க” என்றார்.

ஆனால் கோல் முழுக்க மெழுகுதிரி மாதிரி மெலிசாக இருந்தால் அடிக்கும்போது வளையும். அதனால் என் விரலுக்குள் ஓடுகிற பதினான்கு அங்குலம் மட்டும் ஒரே பருமன். அது முடிந்த இடத்திலேயே, நாலு அங்குலத்துக்குள் சட்டென்று தடித்துத் தோள் வைத்துவிட வேண்டும். அந்தத் தோள்தான் முன்பக்கத்து மெலிசைத் துள்ளாமல் பிடித்து வைக்கும். பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். அசிங்கமாகத்தான் இருக்கும் என்று அவரே சொன்னார். “பாக்கறவன் சிரிப்பானுங்க. சிரிச்சுட்டுப் போறான். உங்க விரலுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

என்ன நடந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. நோயில் கை பழகின வழிக்குப் போய்விட்டது, சொன்னதை மறந்துவிட்டார். காமாலையில் கண்ணும் மங்குமாம். அவர் மேல் எனக்கு இனி ஒரு குறையும் இல்லை. நீங்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அண்ணன்,
சகாயம்


உ

வாளையார்,
11-2-1974

சகாயம் அண்ணன் அவர்களுக்கு,

அவர் மறக்கவில்லை. அவர் கண்ணும் மங்கவில்லை. கோலைக் கெடுத்தது நான்.

அரக்கு மட்டும் பூசினேன் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் அப்படி இருக்காது, வேறெதையோ சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். நீங்கள் அவர் மேல் பழியைப் போட்டு, பிறகு அவரை மன்னித்தும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் நான் சும்மா இருக்க முடியாது.

அவர் படுத்திருந்தபோது கொழுந்தனார் காளிச்சாமி பட்டறைக்குள் போய், ஆணியில் தொங்கிய கோலைப் பார்த்திருக்கிறார். வெளியே வந்து என்னிடம், “அண்ணனுக்குக் கண்ணு போயிருச்சு. எலி முழுங்குன பாம்பாட்டம் இருக்குது” என்றார். நான் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன தோள்தான். நுனியிலிருந்து ஒரு தூரம் ஒரே மாதிரி வந்து, அப்புறம் திடீரென்று புடைத்திருந்தது. பத்தொன்பது வருடம் நான் வாரு இழுத்து அவர் கடைந்ததில் ஒரு கட்டில் காலில்கூட அப்படிக் கோணலைப் பார்த்ததில்லை. கேட்டிருக்கலாம். அவர் அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தார். இது என்ன இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கண்ணு போச்சா என்று கேட்பது போல இருக்குமே என்று நான் கேட்கவில்லை.

கருமாதிக்கு வந்தவர்களில் நாலு பேர் பட்டறைக்குள் போனார்கள். காளிச்சாமி கோலைக் காட்டி, அண்ணனோட கடைசி வேலை என்றார். யாரும் சிரிக்கவில்லை. உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது. கடைசியாகச் செய்தது கோணலாகவா ஊருக்குப் போக வேண்டும்? மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு இழைப்புளியை எடுத்தேன். தோளைச் சீவி இறக்கினேன். பிறகு நுனிப்பக்கம் தடிப்பாகத் தெரிந்தது, அதையும் மெலித்தேன். அப்புறம் உப்புத்தாள். மூன்று நாள் தேய்த்தேன். கை வைத்துத் தடவினால் எங்கேயும் தடுக்காத வரை தேய்த்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது அண்ணா. அவருக்கு என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

அவருடைய கை கடைசியாகப் பட்ட இடத்தையெல்லாம் என் கையாலேயே பொடியாக்கிக் கூட்டி அள்ளினேன். அந்தத் தூளை அடுப்பில் போட்டேன்.

காளிச்சாமியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். எனக்கு ஒரு வழி விடுங்கள். அதே சடச்சி மரத்தில் இன்னும் இரண்டு கட்டை கிடக்கிறது. உங்கள் விரல் அளவை அனுப்புங்கள். நான் செய்து தருகிறேன். ஈஸ்டர் என்றைக்கு என்றும் எழுதுங்கள், எங்களுக்கு அது தெரியாது.

செல்லாத்தாள்


பீர்மேடு,
24-2-1974

தங்கச்சிக்கு,

உண்மையை எழுதிவிட்டீர்கள். நானும் உண்மையை எழுதுகிறேன். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரைக் கேட்டு அதன் மேல் கை வைத்தீர்கள் என்று நாலு பக்கம் எழுதினேன். மதலேனம்மாள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, “நீங்க செத்தா, உங்க சட்டையில கிழிசல் இருந்தா நான் தைக்க மாட்டனா? தைக்காமலா பெட்டிக்குள்ள வைப்பேன்?” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நாலு பக்கத்தையும் கிழித்தேன்.

ஈஸ்டர் சித்திரை மாதம் பிறக்கிற அன்றைக்கு வருகிறது. மறுநாள் திங்கட்கிழமை ஆட்டம். செக்ரட்டரி ஏற்கெனவே குன்னூரிலிருந்து ஒரு மார்க்கரை எழுதிக் கேட்டிருப்பதாகச் சமையல்காரர் சொல்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. வேறு யாரிடமும் போய் இப்படி ஒரு கோல் வேண்டும் என்று கேட்டால் கையைப் பார்ப்பார்களே தவிர, சொல்வதைக் கேட்க மாட்டார்கள். அதனால் உங்களை நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கும் வழியில்லை.

இத்துடன் கபிரியேலிடம் ஒரு மெழுகுதிரி கொடுத்திருக்கிறேன். அவர் என்னை ஓட்டச் சொன்ன அதே அளவு. நுனியிலிருந்து பதினான்கு அங்குலம் வரை கோல் இந்தப் பருமன்தான் இருக்க வேண்டும். ஒரு நூல் கூடினாலும் விரல் சொல்லிவிடும். கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, விரலில் வளையம் போட்டு, உள்ளே ஓட்டிப் பாருங்கள். கோல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் இருந்தால் அது சரி. தோள் வருகிற இடத்தில் மட்டும் யாரோ கதவைச் சாத்துவது போலத் தெரிய வேண்டும்.

பிடியில் போன தடவை மாதிரியே ஆட்டுத்தோல் ஒட்டிவிடுங்கள். இந்த மலையில் மழைக்காலம் முழுக்கக் கை ஈரமாகவே இருக்கும் என்று அவர்தான் யோசித்து ஒட்டினார்.

சகாயம்


உ

வாளையார்,
22-3-1974

சகாயம் அண்ணன் அவர்களுக்கு,

கோல் தயார். கபிரியேல் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறார். இந்த முறை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் மலையில் இருக்கிறவர், உங்களுக்குத் தெரியாது. இங்கே மாசியிலேயே தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியாது. மூன்றாம் நாள் பார்த்தால் உங்கள் மெழுகுதிரி வில்லாக வளைந்து கிடந்தது. ஓடுகிற பக்கம் சப்பை வேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு சுவரில் பார்த்தேன். அவர் எந்த வேலைக்கும் தகரத்தில் அளவு வெட்டி வைப்பார். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு, அந்த இடத்தில் மரம் எவ்வளவு தடிப்போ அவ்வளவு அகலம். புதுத் தகரம் ஒன்று அந்த ஆணிக்குப் பக்கத்திலேயே தொங்கியது. கோலைச் சீவும்போதும் அதைப் பார்த்தேன். முதல் ஏழு வெட்டும் ஒரே அகலமாக இருந்ததால் ஏதோ நாற்காலிக் குறுக்குக் கம்புக்கு என்று நினைத்து ஒதுக்கினேன். ஏழு வெட்டு, பதினான்கு அங்குலம். என் தலைக்கு மேலேயே எழுதி மாட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

எங்கள் வழக்கத்தில் பட்டறையில் பெண் வாரு இழுக்கலாம், உளியைப் பிடிக்கக் கூடாது. அதிலும் வருடம் திரும்பாமல் நான் பிடித்தால் தொழில் போய்விடும் என்று காளிச்சாமி சாவியை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கண்ணு போச்சு என்றீர்கள், நான் நம்பினேன், நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவர் வேலையை அழித்தோம் என்றேன். சாவியைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். காளிச்சாமியின் சம்சாரம் முத்தாத்தாள் வந்து எனக்கு வாரு இழுத்தாள்.

முதல் கட்டை போய்விட்டது. கோல் நீளம், கடைசலில் போட்டால் நடுவில் துள்ளுகிறது, உளி பாய்ந்துவிட்டது. அவர் எப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. நான் பார்க்காமல் முதுகைக் காட்டி இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இரண்டாவதை இழைப்புளியிலேயே எட்டுப் பட்டையாக்கி, பதினாறாக்கி, உருட்டினேன். கடைசியில் உப்புத்தாளுக்கு மட்டும் கடைசலில் ஏற்றினேன். அதுவும் முத்தாத்தாள் இழுக்கிற இழுப்பு வேறு. ஒவ்வொரு இரண்டு அங்குலத்துக்கும் தகரத்தை வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலில் ஓட்டிப் பார்த்தேன். ஆறாவது வெட்டுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் கொஞ்சம் தெரிந்தது. அரை நாள் அந்த இடத்துக்கு மட்டும் போயிற்று. இப்போது என் விரலுக்குத் தெரியவில்லை. உங்கள் விரலுக்கு எப்படியோ.

கதவு சாத்துவது போல என்று எழுதினீர்களே, தோள் அந்த மாதிரி வந்திருக்கிறது. பார்ப்பதற்கு எலி முழுங்கிய பாம்பு மாதிரியேதான் இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் கூட்டி எழுத வேண்டாம்.

செல்லாத்தாள்


பீர்மேடு,
18-4-1974

தங்கச்சிக்கு,

நடந்தபடி எழுதுகிறேன்.

கோல் பங்குனிக் கடைசியில் வந்தது. இங்கே மூடுபனி, மரம் கொஞ்சம் ஊதும் என்று மூன்று நாள் சமையலறைச் சுவரில் தொங்கவிட்டேன். நாலாம் நாள் காலையில் கிளப் திறக்கும் முன்னால் மேஜை முன் நின்று விரலை வளைத்து ஓட்டினேன். ஓடியது. எனக்கு விரல் போனது முதல் இத்தனை மாதம் என் கையைப் பற்றி நினைக்காமல் ஒரு பந்தை அடித்தது அதுதான் முதல் தடவை. மெழுகுதிரியைப் போலவே இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே. ஆறாவது வெட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை தெரிகிறது. கூட்டி எழுத வேண்டாம் என்றதால் இதையும் சொல்கிறேன். ஆனால் தோள் துல்லியம். பக்கவாட்டில் தொட்டாலும் நுனி துள்ளவில்லை, வெள்ளைப் பந்து அனுப்பிய இடத்துக்குப் போகிறது.

திங்கட்கிழமை ஆட்டத்துக்குக் கோலோடு போனபோது மெம்பர் ஒருவர், இதென்ன உலக்கையா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆறுச்சாமி சொன்னது நினைவு வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். செக்ரட்டரி தொண்ணூற்று நாலில் நின்றபோது நான் எழுபத்திரண்டு. அதிலிருந்து அவருக்கு மேஜையை விடாமல் இருபத்தெட்டு எடுத்தேன். கடைசிப் பந்து போகும்போது மயிரிழை இடத்தில் விரல் ஒரு கணம் உணர்ந்தது. அதையும் தாண்டிப் போய் விழுந்தது.

அடுத்த ஈஸ்டர் வரை இருக்கலாம் என்றார். ஒரு வருடம். குன்னூர்க்காரருக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். மதலேனம்மாள் கட்டி வைத்திருந்த பெட்டிகளைத் திரும்ப அவிழ்த்தாள். அவிழ்க்கும்போதுதான் அழுதாள். இதெல்லாம் உங்களால்.

இனி எழுதுவதற்குத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய கோல் என்னிடம்தான் இருந்தது. அதை அடுப்பில் போட மனம் வரவில்லை, ஆடவும் முடியாது. பிடியில் இருந்த ஆட்டுத்தோல் நன்றாக இருக்கிறதே, எடுத்து வைத்துக்கொள்வோம் என்று நேற்று உரித்தேன். தோல் கோலில் ஒரு சாண் தூரத்துக்கு ஒட்டியிருந்தது. அவர் ஒட்டியது. நீங்கள் உப்புத்தாள் போட்டபோது அதை உரிக்கவில்லை.

உள்ளே அவர் இழைத்தது அப்படியே இருக்கிறது. தோல் மூடப்போகிறது என்று தேய்க்காமல் விட்டிருக்கிறார். பட்டை பட்டையாக இழைப்புளித் தடம், எண்ணிப் பார்த்தேன், பதினாறு. பதினாறும் ஒரே அகலம். நோயோடு இழைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடம்கூட நடுங்கவில்லை. காளிச்சாமிக்கு அதைக் காட்டுங்கள்.

அந்த ஒரு சாணை அறுத்து, துணியில் சுற்றி, கபிரியேலிடம் கொடுத்தனுப்புகிறேன். அது உங்களுடையது.

உங்கள் அண்ணன்,
சகாயம்


உ

வாளையார்,
5-5-1974

சகாயம் அண்ணன் அவர்களுக்கும் மதலேனம்மாள் அண்ணிக்கும்,

கட்டை வந்தது.

காளிச்சாமியிடம் காட்டினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணினார். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு, “கண்ணெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்குது” என்றார். சாயங்காலம் அவராகவே வந்து பட்டறையைக் கூட்டி, விளக்கு வைத்துவிட்டுப் போனார். முத்தாத்தாளும் நானும் இனி கட்டில் கால் கடையலாம் என்று இருக்கிறோம். அவர் தடுக்கவில்லை.

ஒரு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாவது வெட்டுக்குப் பக்கத்தில் தெரிகிற மயிரிழையை அடுத்த கோலில் சரி செய்துவிடுகிறேன். சடச்சி மரம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்தேன். தேய்க்கவில்லை, அரக்குப் பூசவில்லை, துடைக்கக்கூட இல்லை. சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. நேற்றுத் தடவிப் பார்க்கும்போது ஒரு சிராய் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. முத்தாத்தாள் ஊசியைக் கொண்டுவந்தாள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

செல்லாத்தாள்